ஒரே பாட்டை இரண்டு முறை பாடாதவன்

உரைபெயர்ப்பாளன் என்றால் வாயை வாடகைக்கு விடுகிறவன். மூளையை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். மொன்றியலில் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய், பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் என் சக பாவிதான். எனக்குக் கூடுதல் தண்டனை: சோவியத் காலத்துப் புலமைப்பரிசிலில் கிர்கிஸ் நாட்டில் படித்ததால் அந்த மொழியும் தெரியும். அப்படித்தான் எர்மெக் என் தலையில் விழுந்தான்.

தொழில்?

எர்மெக் ஓர் அகின். மூன்று தந்தி கோமுஸை மீட்டிக்கொண்டு, எதிரில் இருப்பவரைப் பார்த்து அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுகிறவர்கள் அகின்கள். நம் ஆசுகவிகள் மாதிரி. ஊர்ப் போட்டியொன்றில் ஆளுநரின் களவுகளை அவர் முகத்துக்கு நேரே பாடிவிட்டான். அதற்குப் பிறகு அங்கே இருந்தால் உயிர் தங்காது. இங்கே வந்து அகதிக் கோரிக்கை கொடுத்துவிட்டு, புவாண்ட்-கிளேர்ப் பக்கத்துக் களஞ்சியமொன்றில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

அந்தப் பாட்டை எழுத்தில் கேட்டார் அவனுடைய வழக்கறிஞர். பாடியதை எழுதி வைக்கிற வழக்கம் தங்களுக்கு இல்லை என்றான். வற்புறுத்திப் பாடவைத்து, பன்னிரண்டு வரி மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அகின் என்றால் என்னவென்றும் விளக்கினேன். வழக்கறிஞர் சொன்னார்: "பாடகர் என்றே போடுகிறேன். படிவத்தின் தொழில் கட்டத்தில் அதற்குமேல் இடமில்லை."

வாழ்த்து

மொன்றியலுக்குப் பக்கத்து டொலார்டில் என் நண்பன் குகனின் புதுவீட்டுக் குடிபூரலுக்கு எர்மெக்கையும் கூட்டிப்போனேன். குகனும் தம்பி ரவியும் ஆறு வருடமாக முகம் பார்ப்பதில்லை என்று வழியில் உளறியது என் பிழை. அவன் கோமுஸை எடுத்து, நூறு பேருக்குச் சோறு போடுகிற வீட்டில் ரவிக்கு ஒரு கதிரை இல்லை என்று பாடினான். "வீடு செழிக்க வாழ்த்துறார்" என்றேன். சனம் கைதட்டியது. குகன் என்னை ஓரமாகக் கூட்டிப்போனான்: "அண்ணை, வாழ்த்துக்குள்ள என்ர தம்பியின்ர பேர் ஏன் வருது?"

விசாரணை

அதிகாரி பன்னிரண்டு வரியையும் முன்னால் வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார். எர்மெக் பாடினான். ஆளுநரும் களவும் அப்படியே இருந்தன. சொற்கள் எல்லாம் புதிது. மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்த அதிகாரியும் பாட்டின் நடுவில் வந்துவிட்டார். சத்தியம் செய்திருந்தேன், இந்தமுறை எதையும் மழுப்பவில்லை.

"ஒரு வரிகூடப் பொருந்தவில்லையே" என்றார் அவர். அகின் பழைய பாட்டைத் திருப்பிப் பாடமாட்டான் என்று எனக்குத் தெரியும்; சொல்ல எனக்கு அனுமதியில்லை. வழக்கறிஞர் கடதாசிகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எர்மெக் நிதானமாகச் சொன்னான்: "அதே வரிகளைப் பாடியிருந்தால்தான் நான் பொய்யன். மனப்பாடம் செய்கிறவன் அகின் இல்லை."

கடிதம்

நிராகரிப்புக் கடிதத்தை அவன் வேலைத்தலத்துக் கார் தரிப்பிடத்தில் வாசித்துக் காட்டினேன். முன்னுக்குப் பின் முரண், நம்பத்தகுந்தவர் அல்ல. இதே பந்திகளை வேறு ஆட்களுக்கும் மொழிபெயர்த்திருக்கிறேன். பெயர் மட்டும்தான் புதிது. கடைசிவரை கேட்டுவிட்டு எர்மெக் கேட்டான்: "இதை அவர் என்னைப் பார்த்துக் கட்டினாரா, இல்லை மனப்பாடமா?"

முப்பது வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால், என் கதையை ஒரு சொல் பிசகாமல் பாடமாக்கி ஒப்பித்துத்தான் நான் இந்த நாட்டுக்காரன் ஆனேன் என்பதை மட்டும் அவனுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.