தியேட்டர் காப்பியில் கேட்ட குரல்

எண்பதுகளில் நான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். வீடு கிள்ளானில். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ரயிலுக்குப் போகும் வழியில், ஒரு வீடியோ கடையில் தமிழ்ப் படம் ஒன்றை வாடகைக்கு எடுப்பேன். அங்கே இருந்தவை எல்லாமே திருட்டுக் காப்பிகள்தாம். அது கடைக்காரருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எந்தக் காப்பி எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது. ஒரே படம் ஒரு டேப்பில் பளிச்சென்று இருக்கும். இன்னொன்றில் முகங்களைச் சுற்றிச் சிவப்பு கசிந்து, அடியில் கோடுகள் ஓடும். காப்பியிலிருந்து காப்பி எடுக்க எடுக்க நிறம் வெளுத்துக்கொண்டே போகும். எல்லாவற்றிலும் மட்டம் தியேட்டர் காப்பி. கடல் தாண்டி மெட்ராஸில் படம் ஓடும்போதே யாரோ கேமராவை மறைத்து வைத்து எடுத்திருப்பார்கள்.

அப்பா பக்கத்து ஊரான மேருவில் லோரி ஓட்டியவர். கண்ணில் அழுத்தம் ஏறிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய்விட்டது. அம்மா காலமான பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் படம் போட்டால் அவரும் வந்து உட்காருவார். பாட்டு வரும்வரை கேட்டுவிட்டு அப்படியே தூங்கிவிடுவார்.

ஒரு தடவை கிடைத்தது படுமோசமான தியேட்டர் காப்பி. திரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. எல்லாமே சாம்பல் நிறம். போதாததற்குக் கேமராவுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள் பேசிக்கொண்டே இருந்தான். நான் நிறுத்தப் போனேன்.

"இருலா, அந்த ஆளு என்னமோ சொல்றான்" என்றார் அப்பா. "சவுண்ட கூட்டு."

கூட்டினேன். "இப்ப கதவத் தொறந்து உள்ள வர்றா. அவன் திரும்பிப் பாக்கல. கையில ஏதோ காயிதம் வச்சிருக்கான்" என்று அந்தக் குரல் மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனது. யாரிடம் சொல்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "என்ன கலர் சேல?"

"பச்ச" என்றான் அவன்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தம்மாவுக்கும் கண்ணு தெரியாது போல" என்றார். அன்று அவர் தூங்கவே இல்லை. படம் முடிந்ததும், தான் பார்த்த படம் போலக் கதையைத் திரும்ப என்னிடமே சொன்னார்.

அவர்கள் கணவன் மனைவியா, அண்ணன் தங்கையா? படம் பார்க்க முடியாதவர் தியேட்டருக்கு ஏன் வந்தார்? ரயிலில் போகும்போதெல்லாம் இதையே யோசித்துக்கொண்டிருப்பேன்.

சில வாரங்களில் அதே படத்துக்கு நல்ல காப்பி வந்துவிட்டதாகக் கடைக்காரர் எடுத்துவைத்துக் கொடுத்தார். துல்லியமான படம். ஆனால் அந்தச் சேலை நீலமாக இருந்தது. டிவியின் நிறத்தைத் திருகிப் பார்த்தேன். நீலம்தான்.

"பச்சன்னு சொன்னானேப்பா?"

"அந்தம்மாவுக்குப் பச்சதான் பிடிக்குமோ என்னமோ" என்றார் அப்பா. பிறகு, "இதுல அந்த ஆளு இல்ல. பழசயே எடுத்துட்டு வா" என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கடையில் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நல்ல காப்பி குடுத்தும் அந்த நாசமான காப்பியையா கேக்குற? அதுக்கு மேலயே வேற படம் ஏத்திட்டேன்மா."

"அந்தப் படத்துல கதவத் தொறந்து வர்றவ சேல பச்சயா நீலமா, பாத்தீங்களாண்ணே?"

"ஒவ்வொரு காப்பியிலயும் ஒவ்வொரு கலரு. அசல் என்ன கலருன்னு எடுத்தவனுக்குத்தான் தெரியும்."

வேறொரு படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல அப்பா உட்கார்ந்தார். நான் கூச்சத்தோடு ஆரம்பித்தேன். "ஒரு கெட்டவன் கார்ல வர்றான்பா. அவனப் பாத்தாலே தெரியுது, ஏதோ திட்டத்தோட..."

அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "என்ன நடக்குதுன்னு மட்டும் சொல்லு. நல்லவனா கெட்டவனான்னு நான் பாத்துக்கறேன்."

"சரிப்பா. கார் நிக்குது. ஒருத்தன் எறங்குறான்."

"என்ன கார்?" என்று கேட்டார் அப்பா.