பெருமாயி போட்ட சத்து ஊசி

பசுவந்தனைப் பக்கத்துக் கிராமம் அது. ஆட்டுக்கு ஊசி போட வேண்டுமென்றால் பெருமாயியைத்தான் கூப்பிடுவார்கள். கால்நடை டாக்டர் வந்து சேருவதற்குள் ஆடு செத்துவிடும். அவளுக்குக் கை நடுங்காது. புருஷன் போனபிறகு ஆடுகளையும் நாலு ஏக்கர் கரிசலையும் வைத்து ஒற்றை மகன் ஹரிஹரசுதனை ஆளாக்கியவள்.

போலீஸ் வேலைக்கு உடம்பேற்ற அவன் கோவில்பட்டி ஜிம்மில் சேர்ந்தான். ஒருநாள் சின்ன பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, "சத்து ஊசிம்மா. இடுப்புல எனக்குக் கை எட்டலை, நீயே போட்டுவிடு" என்றான். தலைவலிக்குப் போனாலும் சத்து ஊசி கேட்டு டாக்டரிடம் மல்லுக்கு நிற்கிற ஊரில் இதை யார் தப்பென்று நினைப்பார்? வாரத்துக்கு ஒன்று மூன்றானது. தோள் அகன்று அவன் தெருவில் நடந்தபோது அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதானே.

முதுகெல்லாம் பரு வெடித்தது. தொட்டதற்கெல்லாம் கோபம், ஒருநாள் சோற்றுத்தட்டு பறந்தது. வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டாள், பாவி. இரண்டு தடவை அவனே ஊசியை நிறுத்திப் பார்த்தான். இரண்டு தடவையும் சில வாரத்தில் சுருண்டு படுத்துவிட்டான். வாசலை அடைக்கிற உடம்பை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "நோஞ்சானாயிட்டேம்மா" என்று அழுதான். இரண்டாம் தடவை, "செத்துரலாம்னு இருக்கு" என்றான். அவள் பதறிப்போய்த் தானே பாட்டிலை எடுத்துப் போட்டுவிட்டாள்.

மூன்றாம் தடவை நிறுத்திவிட்டு விழுந்தபோதுதான் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போனாள். மனநல டாக்டர் பிரேமலதா அவனைச் சோதித்து, பாட்டிலையும் வாங்கிப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறகு பெருமாயியிடம் கேட்டார். அளவு கூடிக்கொண்டே போனதா? நிறுத்தினால் படுத்துவிடுகிறானா? கெடுதல் என்று தெரிந்தும் திரும்பப் போகிறானா? எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"சாராயம், கஞ்சா எதையும் தொடமாட்டான் தாயி. இது சத்து ஊசிதான?"

"இல்லம்மா, ஸ்டீராய்டு. ஆம்பளைங்க உடம்புல தானா ஊறுற ஹார்மோன். வெளிய இருந்து ஏத்த ஏத்த உடம்பு ஊறுறதையே நிறுத்திரும். அதான் விட்டதும் விழுந்துருதான். இதுக்கும் அடிமையாவாங்க. குணமாக்கலாம், ஆனா நாளாகும். ஊசி யாரு போட்டுவிட்டது?"

பெருமாயி வலதுகையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நான்தான் தாயி."

டாக்டர் கொடுத்த மாத்திரை ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் அவன் பாட்டிலோடு வந்து கட்டிலில் குப்புறப் படுத்தான்.

"ஒண்ணே ஒண்ணும்மா."

"மாட்டேன்யா."

"அன்னைக்கு மட்டும் போட்ட?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப்போனான்.

அஞ்சு மாதமாகிறது. அவன் ஜிம் மாடியிலேயே தங்கிவிட்டான். எப்போது வந்தாலும் பார்க்கிறேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெருமாயி வாராவாரம் போய் மாடிப்படியின் கீழே நிற்கிறாள். அவன் இறங்கி வருவதில்லை. போன வாரம், படியிறங்கிய ஒருவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப அவனுக்கு ஊசி போடுதது யாருய்யா? நரம்புல பட்டுராமப் போடச் சொல்லுங்க."