தளர்த்திய கார்க்

எனக்கு வேதியியல் நன்றாக வரும் என்று வகுப்பில் யாரோ கிளப்பிவிட்டார்கள். அதை நானும் நம்பினேன். என் பக்கத்து மேஜைக்காரி என்னைவிட அதிகமாக நம்பினாள். தி. நகரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள் அவள். பி.எஸ்ஸி. ஒரே தடவையில் தேறினால் பி.எட். சேர்க்கிறேன், இல்லையென்றால் கல்யாணம்தான் என்று அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதனால் ஆய்வகத்தில் பியூரெட் என்கிற அளவுக் குழாயை நான் எத்தனை முறை கழுவினேனோ, அத்தனை முறை அவளும் கழுவுவாள்.

எழுபதுகளின் தொடக்கம். கடைசி வருடச் செய்முறைத் தேர்வில் எங்கள் இருவருக்கும் ஒரே சோதனை விழுந்தது. அமிலத்தில் எஸ்டர் என்கிற திரவம் சிதைகிற வேகத்தின் மாறிலியைக் கண்டுபிடிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கலவையில் கொஞ்சம் எடுத்து ஐஸ் தண்ணீரில் விட்டு, காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இளஞ்சிவப்பு தெரிந்ததும் செலவான காரத்தின் அளவைக் குறிக்க வேண்டும். எஸ்டர் சிதையச் சிதைய அமிலம் கூடும், அளவும் கூடும். கலவையில் ஒரு பங்கை மட்டும் தனிக் குடுவையில் கார்க் போட்டு வெந்நீரில் வைத்துவிடுவோம். முழுவதும் சிதைந்தபின் அதில் வரும் கடைசி அளவுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. அது இல்லாமல் கணக்கே இல்லை.

மாதிரித் தேர்வில் ஒருத்தியின் கார்க் டப்பென்று பறந்து மின்விசிறியில் அடித்திருந்தது. அந்தப் பயத்தில் நான் என் கார்க்கைச் சற்றுத் தளர்த்தினேன். பக்கத்து மேஜைக்காரி அதைப் பார்த்துத் தன்னுடையதையும் தளர்த்தினாள்.

கடைசி அளவு எனக்கு அதற்கு முந்தையதைவிடக் குறைவாக வந்தது. கழித்தால் மைனஸ். மைனஸுக்கு லாக் டேபிளில் பக்கமே கிடையாது. ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் தேர்வாளர் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டிருந்ததால் திருத்தவும் வழியில்லை. பக்கத்து மேஜையை எட்டிப் பார்த்தேன். அவளும் தாளை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள். அறையில் வெகுநேரமாக நெயில் பாலிஷ் வாடை அடித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது; அது எஸ்டரின் வாடை. எங்கள் எஸ்டர் சிதைவதற்கு முன்பே கார்க்கின் இடுக்கு வழியே ஆவியாகப் போய்விட்டிருந்தது.

வாய்மொழித் தேர்வுக்கு முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். கடைசி அளவு ஏன் குறைந்தது என்று கேட்டார்கள். நடந்ததை அப்படியே சொன்னேன். காரணமாவது தெரிந்திருக்கிறதே என்று தேர்வாளர் சந்தோஷப்பட்டு மதிப்பெண் போட்டார். வெளியே வந்தால் அடுத்ததாக அவள் வாசலில் நிற்கிறாள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாயைத் திறப்பதற்குள் அட்டெண்டர் குறுக்கே வந்துவிட்டார்.

"பேசிக்கினு நிக்காதம்மா. போய்க்கினே இரு."

போய்க்கொண்டே இருந்தேன். அந்த மனிதரை மீறி நாலு வார்த்தை சொல்லத் துப்பில்லாத என்மேல் இன்றும் எனக்குக் கோபம்தான். உள்ளே அவளிடமும் அதே கேள்வியைத்தான் கேட்டார்களாம். தெரியாது என்றாளாம்.

நான் தேறினேன். அவள் செய்முறையில் தோற்றுவிட்டாள். அந்த ஆவணியில், கல்யாணப் பத்திரிகையோடு மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா கொடுத்த காப்பியைக் குடித்தாள், புடவையைப் பற்றிப் பேசினாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுதாண்டி புரியல. நீ செஞ்ச மாதிரியேதானே செஞ்சேன்?"

ஆமாம் என்றேன்.