மாவுப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை

மதுரையில் மாவு பொங்குவதை யாரும் கவனித்துப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. சாயங்காலம் ஆட்டி வைத்தால் காலையில் பொங்கியிருக்கும், அவ்வளவுதான். சில நாள் மூடியைத் தள்ளிக்கொண்டு மேடையெல்லாம் வழிந்திருக்கும். அதற்கு வசவு விழும். கல்யாணமாகி ஹைதராபாத் வந்த முதல் டிசம்பரில்தான், பொங்காத மாவு என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே பார்த்தேன். ஊற்றிய இட்லியை எடுத்துச் சுவரில் அடித்தால் சுவர்தான் பெயரும்.

குக்கட்பள்ளியில் ஒரு வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். கணவருக்குப் பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எனக்கு மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர் வேலை. மற்றவர்கள் உட்கார்ந்து எழுதியதில் எங்கே தப்பு என்று நோண்டிக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். அந்தப் புத்தி வீட்டுக்கு வந்தாலும் அடங்காது. மாவு ஏன் பொங்கவில்லை என்று தெரிந்தே ஆகவேண்டும் எனக்கு.

அளவில் தப்பில்லை. நாலு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசி மதுரையிலிருந்து எங்களோடு ரயிலில் வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் ரவையில்தான் இட்லி செய்தார்கள். உளுந்தைப் பந்து பந்தாகப் பொங்கி வரும்வரை ஆட்டி, அரிசியைக் கொஞ்சம் நறநறப்பாக எடுத்து, கல்லுப்பு போட்டுக் கையால்தான் கலப்பேன். என் கையில் சூடில்லையோ என்றுகூடச் சந்தேகப்பட்டு வெந்நீரில் கை நனைத்துக் கலந்து பார்த்தேன். மாவு அசையவில்லை.

இந்த நேரத்தில்தான் பூனை வந்தது. வெள்ளையில் மஞ்சள் திட்டுப் போட்ட தெருப்பூனை. சமையலறை ஜன்னல் வழியாக ஒரு நாள் உள்ளே குதித்தது, அப்புறம் போகவில்லை. அதற்கு நாங்கள் பெயர்கூட வைக்கவில்லை. தயிர் சாதம் தின்னும், ஆனால் தயிரை நக்கிவிட்டுச் சாதத்தை விட்டுவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல் மேடையில் இடமில்லை. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் தாழ்வாக ஒரு பலகை உண்டு. அதற்கு அடியில் வெங்காயக் கூடையும் ஃப்ரிட்ஜுக்கு மாட்டிய பழைய ஸ்டெபிலைசரும் இருக்கும். பானையை அந்தப் பலகையில் வைத்து, மூடி மேல் கனத்துக்கு இடிகல்லையும் வைத்தேன். காலையில் பார்த்தால் பூனை பானையைக் கட்டிக்கொண்டு சுருண்டிருக்கிறது. மூடி ஒரு விரல் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தில் பூனையை விரட்ட மறந்துபோனேன்.

அடுத்த வாரம் பூனை முடிக்குப் பயந்து பானையை மறுபடி மேடைக்கு மாற்றினேன். பொங்கவில்லை. மூன்றாம் வாரம் பலகைக்குக் கொண்டுபோனேன். பூனை வந்து படுத்தது, மாவு பொங்கியது. ஆபீஸ் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதினேன்: பூனை இருந்தால் பொங்குகிறது, பூனை இல்லாவிட்டால் பொங்கவில்லை.

கணவர் அதை வாசித்துவிட்டுச் சொன்னார்: "உன் ஆபீஸ்ல காட்டு. பூனைக்கும் ஒரு ஐடி கார்டு குடுப்பாய்ங்க."

மாடியில் வீட்டுக்கார ஆன்ட்டி இருந்தார். பிள்ளைகள் இருவரும் படித்து வெளிநாடு போய்விட்டதால் தனியாகத்தான் இருந்தார். சின்ன வயதில் சில வருடம் சென்னையில் இருந்தவர். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். மொட்டை மாடியில் அவர் துணி விரித்துக் காயவைத்திருந்த வடகத்தின் மேல் எங்கள் பூனை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்திருக்கிறது. ஒவ்வொரு காலடியும் பதிந்திருந்தது. ஆன்ட்டி அந்தத் துணியோடு கீழே இறங்கி வந்தார்.

"ஏமம்மா, இது என்ன? சங்கராந்திக்குள்ள இந்தப் பூனை போகணும். இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் வேற வீடு பாத்துக்கணும்."

அவர் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் பூனைப் பைத்தியம் ஒன்றும் இல்லை. மதுரையில் பூனை குறுக்கே போனால் நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற குடும்பம் எங்களுடையது. ஆனால் கணவருக்குப் பாதி நாள் ஓவர்டைம். கம்பெனி வண்டி தெருமுனையில் இறக்கிவிட்டு, நான் வந்து பூட்டைத் திறக்கும்போது ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து ஒரு ஜீவன் என்னைப் பார்த்துக் கத்தும். அந்த ஊரில் எனக்காகக் காத்திருந்த முதல் ஆள் அதுதான்.

ஆன்ட்டியைச் சமாதானப்படுத்தலாம் என்று, திங்கள்கிழமை காலை ஆறு இட்லியைச் சூடாக மாடிக்கு எடுத்துப் போனேன். அவர் பூனை பேச்சையே எடுக்க விடவில்லை. ஆனால் இட்லியை விரலால் அமுக்கிப் பார்த்தார். அமுங்கி, மறுபடி எழும்பியது. இன்னொரு தரம் அமுக்கினார்.

"இந்தக் குளிர்ல எப்படிம்மா பொங்குச்சு? என்னோட தோசை மாவு மூணு நாளா அப்படியே கிடக்கு."

"பூனைதான் காரணம், ஆன்ட்டி."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. ஆனாலும் விடவில்லை. கீழே ஓடிப்போய் நோட்டைக் கொண்டுவந்து கட்டத்தைக் காட்டினேன். ஆன்ட்டி கண்ணாடி போட்டுக்கொண்டு வாரம் வாரமாக வாசித்தார்.

"நிஜங்கா?"

"நிஜம், ஆன்ட்டி."

"பானைக்கு மூடி இருக்குல்ல?"

"மூடி இருக்கு, மேல இடிகல்லும் இருக்கு."

அன்று சாயங்காலமே தன் தோசை மாவைத் தூக்குவாளியில் கொண்டுவந்து எங்கள் பலகையில் வைத்தார். மறுநாள் காலை அவர் வந்து மூடியைத் திறந்தார். மாவு நுரைத்துக்கொண்டு இருந்தது. ஆன்ட்டி பூனையை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தார். பூனை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

சங்கராந்தி வந்தது, போனது, பூனை இருந்தது. வாரத்தில் இரண்டு நாள் அவர் வாளியும் எங்கள் பானையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், நடுவில் பூனை. காலையில் வாளியை எடுக்க வரும்போது ஆன்ட்டி கிண்ணத்தில் வேர்க்கடலைச் சட்னி கொண்டுவருவார். வறுத்த கடலையோடு பச்சை மிளகாயும் புளியும் வைத்து அரைத்தது. எங்கள் ஊர்த் தேங்காய்ச் சட்னியை அது கொஞ்ச நாளிலேயே வீட்டை விட்டுத் துரத்திவிட்டது. பூனைக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் பாலாடை வரும். "பாவம், வேலை செய்யுதுல்ல" என்பார்.

பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு நாள் பூனையைக் காணவில்லை. மறுநாளும் இல்லை. குளிர் இன்னும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மனமில்லாமல் மாவை ஆட்டி, பூனை இல்லாத பலகையில் வைத்தேன். திங்கள்கிழமை காலை மூடி எழும்பி நின்றது.

நான் கணவரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து வெங்காயக் கூடையை வெளியே இழுத்தார். பின்னால் கையை விட்டார்.

"இந்தா, இதத் தொட்டுப் பாரு."

ஸ்டெபிலைசர் இதமாகச் சுட்டது. பலகையின் அடிப்பக்கமும் சுட்டது. பூனை சூட்டைத் தேடி அங்கே படுத்திருக்கிறது. மாவும் அந்தச் சூட்டில் பொங்கியிருக்கிறது. நான் பானையின் இடத்தையும் பூனையையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டுப் பெருமையைப் பூனைக்குக் கொடுத்திருக்கிறேன். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும் என்று ஆபீஸில் புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுத்ததே நான்தான்.

"மாடிக்குத் தெரிஞ்சா பூனைக்கு வேலை போயிரும். வாயத் தொறக்காத," என்றார் கணவர், சிரித்துக்கொண்டே.

வேலை போவதற்குப் பூனை வேண்டுமே. தேடிக்கொண்டு மாடிக்குப் போனேன். ஆன்ட்டியின் சோபாவில், நாலாக மடித்த சால்வையின் மேல் அது படுத்திருந்தது. பக்கத்தில் ஸ்டூலில், கம்பளி சுற்றிய அவர் தூக்குவாளி.

"உனக்கு ஆபீஸ், அலைச்சல். இனிமே இங்கேயே இருக்கட்டும்மா," என்றார். பூனை என்னைப் பார்த்தது, கத்தவில்லை. பாலாடை அந்த அளவுக்கு வேலை செய்திருந்தது.

உண்மையைச் சொன்னால் பூனை தெருவுக்குப் போகும். சொல்லாவிட்டால் மாடியில் இருக்கும். இரண்டிலும் எனக்கு இல்லை. நான் கட்டிய கதைதான் அதைக் காப்பாற்றியது, அதே கதைதான் அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டும் போனது. வாயை மூடிக்கொண்டு இறங்கிவந்தேன். ஜன்னல் கட்டை வெறுமையாக இருந்த அந்த வாரங்களில் எனக்கு ஆன்ட்டி மேல் நிஜமாகவே பொறாமையாக இருந்தது.

மார்ச்சில் வெயில் ஏறியது. வெயில் ஏறினால் மாவை எங்கே வைத்தாலும் பொங்கும். ஆன்ட்டி அதையும் பூனை கணக்கில் எழுதி, தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். ஏப்ரலில் காலையில் ஆட்டிய மாவு மத்தியானமே பொங்கி, சாயங்காலத்துக்குள் புளித்துப்போனது.

அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம், என் பானை மேடையில் வழிந்துகொண்டிருக்கும்போது, நான் மாடிக்குப் போனேன். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் ஆன்ட்டி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, எங்க மாவு பொங்கவே மாட்டேங்குது."

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே கண் கூசுகிற வெயிலைப் பார்த்தார். அப்புறம் எழுந்து, சோபாவிலிருந்து பூனையை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் கொடுத்தார்.

"ஆமாம்மா, இந்த வெயில்ல எங்கே பொங்கும்," என்றார். "நாளைக்குக் காலையில கொண்டுவந்து விட்டுடு. எனக்கும் மாவு இருக்கு."