அத்தை முன்வரிசையில் உட்கார்ந்த ஞாயிறு

கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் ஆலயத்தில், ஒரு பிரசங்கத்தைக்கூட முழுசாகக் கேட்காத விசுவாசி ஒருவர் உண்டென்றால் அது என் அத்தைதான். அப்பாவின் அக்கா. ஆராதனையில் எந்தக் குழந்தை அழுதாலும் அத்தை எழுந்து வந்து வாங்கிக்கொள்வார். வெளியே புங்கமரத்தடியில் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடப்பார். பெற்றவர்கள் உள்ளே நிம்மதியாக வசனம் கேட்பார்கள். இந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. யாரும் நன்றி சொன்னதாகவும் ஞாபகமில்லை. அத்தைக்குப் பிள்ளை இல்லை, அதனால் சும்மாதானே இருக்கிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இதில் லாபம் எனக்கு. அப்போது எனக்கு ஏழு வயது, தம்பி கைக்குழந்தை. அவன் அழுதால் அத்தைக்குத் துணையாக நானும் வெளியே போகலாம். அத்தையின் முந்தானை முடிச்சில் வறுத்த வேர்க்கடலை இருக்கும். ஆகவே பிரசங்கம் நீண்டால் தம்பியின் தொடையில் ஒரு கிள்ளு. இதை ஜெபத்தில் தவிர வேறெங்கும் நான் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு வெளியூரிலிருந்து வயதான போதகர் ஒருவர் வந்தார். பிள்ளையில்லாதவர்களுக்கு அவர் தலையில் கைவைத்து ஜெபிப்பார் என்று முந்தின வாரமே சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அத்தை மத்தியானம் வரை உபவாசம் இருந்தார். அன்று கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு முன்வரிசைப் பாயில் உட்கார்ந்தார்.

பின்னாலிருந்த கிழவி ஒருத்தி, "இன்னாம்மா, வழி தவறி உள்ள வந்துட்டியா?" என்றாள். அத்தை வெட்கப்பட்டுச் சிரித்தார்.

பிரசங்கம் நீண்டது. வெளியே கரும்பு டிராக்டர் போகிற சத்தம் கேட்டது. கிள்ளினேன்.

தம்பி வீறிட்டான். அம்மா ஆட்டிப் பார்த்தாள், பால் கொடுத்துப் பார்த்தாள், அடங்கவில்லை. போதகர் பேச்சை நிறுத்திவிட்டார். எல்லாத் தலைகளும் வழக்கப்படி அத்தை பக்கம் திரும்பின. அத்தை கொஞ்ச நேரம் பீடத்தையே பார்த்தார். பிறகு எழுந்தார்.

"வேணாம் அண்ணி, இன்னிக்கி நீங்க உக்காருங்க. நான் போறேன்," என்றாள் அம்மா.

"உங்கிட்ட அடங்க மாட்டான், குடு. ஐயா நின்னுக்கினு இருக்காரு பாரு."

மரத்தடியில் அத்தை தம்பியின் தொடையில் சிவந்திருந்த இடத்தைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "உள்ள எறும்பு ஜாஸ்தியா கீது," என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த இடத்தில் ஊதினார். எனக்குக் கடலையும் கொடுத்தார். தப்பித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். தம்பி தோளில் தூங்கினான். ஆனால் நின்றால் விழித்துக்கொண்டு அழுதான். அதனால் அத்தை நடந்துகொண்டே இருந்தார்.

உள்ளே ஜெபம் தொடங்கியது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். நாலைந்து பெண்கள் வரிசையாக முழங்காலில் நின்றார்கள். கடைசியாக என் அம்மா!

"ரெண்டு பெத்தவ அங்க இன்னாத்துக்கு முட்டி போட்டுக்கினு கீறா?" என்று கிழவி சொன்னதும் சிலர் சிரித்தார்கள். அம்மா திரும்பவில்லை. போதகரிடம் மெல்ல ஏதோ சொன்னாள். அவர் ஜன்னல் வழியாக மரத்தடியைப் பார்த்தார். பிறகு அம்மாவின் தலைமேல் கைவைத்துக் கண்ணை மூடினார்.

"அத்த, எங்கம்மாவும் முட்டி போட்டுக்கினு கீது!"

அத்தையின் நடை நின்றது. தம்பியின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

எனக்கோ கோபம் கோபமாக வந்தது. நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், அதுவும் போதாதென்று ஆண்டவரிடம் இன்னொன்று கேட்கிறாளே என்று அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை.