கப்பல் எண்ணெய் குடித்த மட்டி

கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த இரண்டு அறைகளின் ஒப்பந்தம் முடிகிற மாதம் அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு அன்றைய போர்க்காலக் கொழும்பில் வீடு கிடைப்பது விசா கிடைப்பதைவிடச் சற்றுக் கடினம். ஆகவே வீட்டுக்காரரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து, மட்டிச் சிப்பிக் கறியால் வெல்வதென்று அம்மா முடிவெடுத்தார்.

முகத்துவாரத்துக்குப் போய் மட்டி வாங்கி வந்தவர் மாமா. விலை பாதிதான், அது தன் பேரத்திறமை என்றே நம்பினார். உயிருள்ள மட்டி தட்டினால் பட்டென்று மூடிக்கொள்ளும். இவை வாய் பிளந்து கிடந்தன. அம்மா தட்டினார். ஒன்றிரண்டு யோசித்தன, மற்றவை அசையவில்லை.

“என்னடா, இதுகளுக்கு மூடக்கூடப் பெலனில்லை?”

“வெயிலுக்குள்ளால கொண்டு வந்தனான் அக்கா. களைச்சுப் போச்சுதுகள்.”

கறி கொதித்தபோது மண்ணெண்ணெய் மணத்தது. சமைத்தது கேஸ் அடுப்பில். ஆனாலும் யாரும் கேள்வி கேட்கவில்லை. பொருளாதாரத் தடைக்காலத்து யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய் பூட்டிவைக்கும் செல்வம். அந்த மணம் வந்தால் வீட்டில் குறையொன்றும் இல்லை என்று பொருள். வீட்டுக்காரர் வருமுன்பே நான் இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.

வீட்டுக்காரர் தமிழர்தான், ஆனால் கொழும்பிலேயே பிறந்தவர். முதல் வாயிலேயே நிறுத்தினார்.

“மண்ணெண்ணெ நாறுதே! வீட்டுல எவ்வளவு வச்சிருக்கீங்க? எதுக்கு வச்சிருக்கீங்க?”

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எங்களைப் போன்றவர்கள் குண்டு வைக்க எண்ணெய் பதுக்குவதாகப் பொலிஸுக்குப் பேச்சு எட்டினால், வீடு போவது சிறிய விஷயம்.

வீட்டுக்காரர் எழுந்து தேடினார். கட்டிலுக்கடியில், சாமிப்படத்துக்குப் பின்னால், மாமாவின் சூட்கேஸுக்குள். மாமா யாரும் சொல்லாமலே இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றார். சோதனைச் சாவடிப் பழக்கம். கடைசியில் குசினியில், மட்டி கழுவிய சட்டிக்குள் குனிந்தார். தண்ணீரின் மேல் வானவில் மிதந்தது.

“அட, துறைமுகத்துக்கு வெளிய கப்பல் எண்ணெ கொட்டிருச்சே! மட்டி கடல்தண்ணிய வடிச்சுக் குடிக்கிற சாதி. எண்ணெயெல்லாம் உள்ளுக்குத் தங்கி, சீக்கு வந்து கெடந்திருக்கு. நீங்க சாப்பிட்டது விஷம்!”

“விஷமோ?” என்ற அம்மாவின் முகம் மலர்ந்தது. “கேட்டியளே, விஷமாம்!”

அப்பா சிரித்தார். மாமா கைகளை இறக்கினார். வீட்டுக்காரர் வெட்கத்துடன், “இன்னும் ஒரு வருஷம் இருங்க” என்றார்.

அன்று மாலை, வீட்டில் இருந்த ஒரேயொரு கழிப்பறையின் வாசலில், வயிற்றைப் பிடித்தபடி வரிசையில் நின்றபோதும் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டேயிருந்தார்கள். விஷம் தின்றோம் என்ற செய்திக்கு ஒரு குடும்பம் ஏன் இப்படி மகிழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது வயிற்றுவலி மட்டும்தான்.