ஜெயசீலி தன் படத்தைப் பார்க்கப் போன கதை

பம்மலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயசீலியிடம் "ராம்ப் இருக்கு" என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். எந்த ராம்ப்? கல்யாண மண்டபத்தில் சமையல்கட்டுக்கு அண்டா உருட்டுகிற சரிவா? பேங்கில் பூந்தொட்டி அடுக்கி வைத்திருக்கிற மேடா? சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவள் அவள். வீட்டுக்குள் கையை ஊன்றித் தவழ்வாள். வெளியே போனால் பக்கத்துக்கொரு சக்கரம் வைத்த ஸ்கூட்டர், இறங்கினால் சக்கர நாற்காலி. எங்கே புறப்படுவதானாலும் முதலில் விசாரிக்க வேண்டும். வாசலில் படி உண்டா, லிஃப்ட் ஓடுகிறதா, நாற்காலி நுழைகிற அகலத்துக்குக் கதவு இருக்கிறதா, பாத்ரூம் எப்படி? பாத்ரூமைப் பற்றி ஒழுங்கான பதில் வராவிட்டால் அன்றைக்குக் காலையிலிருந்தே சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள்.

தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்த புருஷன் சாலமன் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு எல்லாமே மகள் சத்யபிரியாதான். போகிற இடத்தில் சத்யா முன்னால் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "படி இருக்கும்மா, வேணாம்" என்றோ, "வாம்மா, போலாம்" என்றோ சொல்வாள். அந்த வாய் சொல்லிவிட்டால் ஜெயசீலிக்கு மறுபேச்சு கிடையாது. சர்ச்சில், ஆஸ்பத்திரியில், ஸ்கூல் ஆண்டு விழாவில், ஒரு நாளும் அது பிசகியதில்லை.

அந்த சத்யா ஓவியம் படித்து, நகரத்தில் தோழிகளுடன் அறை எடுத்துத் தங்கி, இப்போது ஒரு பெரிய கலைக்கூடத்தில் முதல்முறையாகப் படம் மாட்டியிருந்தாள். படத்துக்குப் பேர் 'அம்மா'. சுவர் உயரத்துக்குப் பெரிய படமாம். ஜெயசீலிக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு ஆதார் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். பெத்த மகள் தன்னை எப்படி வரைந்திருக்கிறாள் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

"அங்க ஒரே படிம்மா. லிஃப்ட்டும் கிடையாது. நான் போட்டோ அனுப்பறேன், வீட்லயே பாத்துக்கோ" என்றாள் சத்யா. போட்டோவும் வரவில்லை. கேட்டபோதெல்லாம் "வெளிச்சம் சரியில்லம்மா" என்று தட்டிக்கழித்தாள்.

ஜெயசீலிக்கு மனசு கேட்கவில்லை. சுவர் உயரப் படத்தைத் தலையில் வைத்தா படியேற்றியிருப்பார்கள்? சாமான் ஏற்றுகிற லிஃப்ட் ஒன்று இல்லாமலா இருக்கும்? அதில் தன்னையும் ஏற்றிவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்ப்போமே என்று கலைக்கூடத்துக்கே போன் போட்டாள்.

எடுத்த காவலாளி சிரித்தான். "படியா? யாரும்மா சொன்னது? வாசல்லயே ராம்ப் கீது, பெரிய லிஃப்ட் கீது, வீல்சேர் கூட எங்களாண்டயே கீது. பாத்ரூம்ல புடிச்சுக்க கம்பி போட்டுக்கீறாங்கமா. நீ தாராளமா வா!"

போனை வைத்தாள். வேலை மும்முரத்தில் புள்ளை கவனித்திருக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சமாதானம் எடுபடவில்லை. வாசலில் இருக்கிற ராம்ப் சத்யா கண்ணுக்கா தெரியாமல் போகும்?

மறுநாள் கடையைச் சாத்தினாள். நல்ல புடவை கட்டி, வயிறு நிறையத் தண்ணீரும் குடித்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பல்லாவரம், மீனம்பாக்கம் என்று ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க பஸ்காரர்களிடம் ஹாரனால் திட்டு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். சும்மா சொல்லக்கூடாது, ராம்ப் அம்சமாக இருந்தது. காவலாளி கொண்டுவந்த நாற்காலிக்கு மாறி, ஒருத்தர் கையும் மேலே படாமல் தானே உருட்டிக்கொண்டு ஏறினாள். லிஃப்ட்டில் பொத்தான்கூட அவள் கைக்கு எட்டியது. இப்படியும் ஒரு இடம் கட்டி வைத்திருக்கிறார்களே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாடியில், எதிர்ச்சுவரில் அந்தப் படம். அவள் முகமேதான். நெற்றித் தழும்பு, தூக்கலான முன்பல், திருவிழாவுக்குக் கட்டுகிற ஊதாப் புடவை, ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஆனால் படத்திலிருந்தவள் நின்றுகொண்டிருந்தாள். புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, கெண்டைக்கால் சதை திரள, இரண்டு பாதமும் தரையில் பாவ நின்றுகொண்டிருந்தாள்.

அடிப்பாவி! தவழ்ந்து தவழ்ந்து உனக்குச் சோறாக்கிப் போட்டவள் எங்கேடி போனாள்? இந்தக் காலை உன்னிடம் யார் கேட்டது? இவளை மாட்டிவைப்பதற்காகத்தான் இல்லாத படியையெல்லாம் எனக்குக் கட்டினாயா?

அந்த நேரம் பார்த்து, படம் பார்க்க வந்த ஒரு இளம் ஜோடியை அழைத்துக்கொண்டு சத்யா அங்கே வந்தாள். அம்மாவைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துப்போனது.

ஜோடியில் அந்தப் பெண் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "செம மேடம்! என்ன கம்பீரமா நிக்கிறாங்க உங்க அம்மா. நேர்லயே பாக்கணும் போல இருக்கு. வந்திருக்காங்களா?"

சத்யா அம்மாவைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்ல. அவங்க அவ்வளவா வெளிய வரமாட்டாங்க."

கூட வந்த பையன் செல்போனைத் தூக்கினான். படத்திலிருக்கிற முகம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை. சக்கர நாற்காலியில் இருக்கிறவர்களின் முகத்தை எவன் பார்க்கிறான்?

"ஆன்ட்டி, ப்ளீஸ், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? ஆர்ட்டிஸ்டை அவங்க அம்மாவோட ஒரு போட்டோ எடுத்துக்கறோம்."

ஜெயசீலி மகளுக்காக இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். சத்யா படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று முடியைச் சரிசெய்துகொண்டாள். ஜெயசீலி சக்கரத்தைப் பின்னால் உருட்டி வழிவிட்டாள்.